சுவரில் குழாய் இல்லாத வீடு

அத்-பாஷி
9 டிசம்பர் 2021

தம்பி ஜுமாடிலுக்கு அக்கா சைராகுல் எழுதுவது.

ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து நீ ஒன்பது முறை போன் செய்துவிட்டாய். எடுக்க மாட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுபோகும். டாக்சிக்காரன் சத்தார் வாரம் தவறாமல் பிஷ்கெக் வருகிறான். இனி நம் பேச்சு அவன் கையில் கடிதமாகத்தான். ஒளு செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் பட்டால் கோபம் தணிய வேண்டும். தணியவில்லை.

நீ அனுப்பிய மூச்சு இயந்திரம் திங்கட்கிழமை வந்தது. லாரியிலிருந்து இறக்க ஆறு ஆண்கள் வேண்டியிருந்தது. மூத்தார் ஆடு அறுத்தார். "என் தம்பி பொண்டாட்டி வீட்டுக்காரங்க என்ன அனுப்பியிருக்காங்க, வந்து பாருங்க" என்று தெருவையே கூப்பிட்டுவிட்டார். இமாம் வந்து துஆ ஓதினார். ஊர் கூடி நிற்க, மேலே சுற்றியிருந்த தாளைக் கிழித்தோம். என் மார்பு உயரம், நாலு சக்கரம், பெரிய திரை. பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒரு கணம் உன்னை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. அல்லாஹ் அறிவான்.

பிறகு பின்பக்கம் பார்த்தேன். தடித்த குழாய்கள் இரண்டு, முனையில் பித்தளை. "இத எங்கம்மா செருகணும்?" என்று மூத்தார் கேட்டார். சுவரில் என்றேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஆக்சிஜனும் அழுத்தக் காற்றும் வரும் துவாரங்கள் இருக்கும். எங்கள் வீட்டுச் சுவரில் கம்பளம் இருக்கிறது. இறைச்சி வெந்துகொண்டிருந்ததால் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

செப்டம்பரில் நான் உனக்கு என்ன எழுதினேன்? பிரதி என்னிடம் இருக்கிறது. மின்சாரத்தில் ஓட வேண்டும். உள்ளே பேட்டரி இருக்க வேண்டும். அறையில் இருக்கும் காற்றையே எடுத்துத் தள்ள வேண்டும். நான் ஒருத்தியே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உன் கிடங்குக்கு அப்படி ஒன்று வந்திருக்கிறது என்று நீயே சொன்னாய். அதைக் கேட்டுவிட்டு இதை அனுப்பியிருக்கிறாய்.

இங்கே நிலைமை என்னவென்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். உன் அத்தானின் தசைகள் மூச்சிழுக்கும் வேலையை நிறுத்தி எட்டு மாதம். ஏழு மாதம் நாரின் ஆஸ்பத்திரி வார்டில், கூரையைப் பார்த்தபடி. நவம்பர் இருபதாம் தேதி டாக்டர் ரகியா அவரை வீட்டுக்கு விட்டது என் வாக்கை நம்பி. தம்பி இயந்திரம் அனுப்புவான், அதுவரை ஆஸ்பத்திரியின் சின்ன இயந்திரத்தைக் கடன் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அதைத் திருப்பித் தர வேண்டும். கொடுத்துவிட்டால் அவரும் அதோடு வார்டுக்குப் போக வேண்டும்.

தொண்டையில் துளை போட்டதிலிருந்து அவருக்குக் குரல் இல்லை. உதட்டைப் பார்த்து நான் படிப்பேன். நேற்று என்ன சொன்னார் தெரியுமா? "மறுபடி அந்த வார்டுன்னா, இங்கயே கழட்டிடு சைரா." அதைக் கேட்டதற்கே அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன். பிள்ளைகள் இருவரும் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அந்தச் சின்ன இயந்திரம் எங்கே? அதை அனுப்பு.

சைராகுல்


பிஷ்கெக்
16 டிசம்பர்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

பதினேழு வருடமாக இந்தக் கிடங்கில் இருக்கிறேன். ஊசி முதல் எக்ஸ்ரே வரை என் கையைத் தாண்டித்தான் ஏழு மாகாணங்களுக்கும் போகிறது. நன்கொடையாக வந்த சரக்கில் முதல் இடத்தில் இருந்தது உங்களுக்கு அனுப்பிய இயந்திரம். இதய அறுவை செய்யும் இடத்தில் வைப்பது. அதைக் கேட்டு மூன்று தலைமை மருத்துவர்கள் எனக்குப் போன் செய்தார்கள். மூவருக்கும் இல்லையென்று சொல்லிவிட்டு என் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். நீங்கள் கேட்டது பட்டியலின் கடைசி வரி. ரொட்டிப் பெட்டி அளவு. பிளாஸ்டிக். அதைக் கையில் கொடுத்துச் சத்தார் வண்டியில் அனுப்பியிருந்தால் உங்கள் மூத்தார் பெக்போலோத் ஆடு அறுத்திருப்பாரா?

கையேட்டைப் படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். சுவரில் துவாரம் இல்லையென்றால் காற்றமுக்கி, அதாவது கம்ப்ரசர் ஒன்றை வாங்கி இணைத்துக்கொள்ளலாம், காற்று தானாக வரும். சிக்கலே இல்லை. அமைதியாகக் கேட்டிருந்தால் நானே ஏற்பாடு செய்திருப்பேன்.

சின்னது வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. கையெழுத்தாகிவிட்டது.

கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். நன்றி என்ற சொல்லைக் காணவில்லை.

ஜுமாடில்


அத்-பாஷி
24 டிசம்பர்

ஜுமாடில்,

நன்றி வேண்டுமா, முதலில் இதைப் படி.

டாக்டர் ரகியா கொடுத்த மூச்சு இயந்திரக் கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ரஷ்ய மொழி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வார்டில் இருந்த மாதங்களிலேயே அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று பக்கம் என்று படித்து முடித்தேன். பதினேழு வருடத்தில் நீ ஒரு பக்கமாவது படித்திருந்தால் முதல் இடம், கடைசி வரி என்று எழுதியிருக்க மாட்டாய்.

மூச்சு இயந்திரங்களை அப்படி உயரம் பார்த்து நிறுத்துவதில்லை. எது காற்றைத் தள்ளுகிறது என்று முதலில் கேட்கிறார்கள். சிலவற்றை வெளியிலிருந்து வரும் அழுத்த வாயு தள்ளும். சிலவற்றில் மின்சாரத்தில் சுழலும் கையளவு விசிறி தள்ளும், அல்லது உள்ளே போய்வரும் உலக்கை தள்ளும். அடுத்து, ஒரு மூச்சு எப்போது போதும் என்று இயந்திரம் எதை வைத்து முடிவு செய்கிறது, காற்றின் அளவையா, அழுத்தத்தையா என்று பார்க்கிறார்கள். பிறகு மூச்சைத் தொடங்குவது இயந்திரமா, நோயாளியா. உன் அத்தானால் தொடங்க முடியாது. நிமிடத்துக்குப் பதினான்கு என்று இயந்திரமேதான் தொடங்க வேண்டும். கடைசி இரண்டு கேள்விக்கும் பெரியது, சின்னது இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. முதல் கேள்வியில்தான் வீடு வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று ஆகிவிடுகிறது.

நீ அனுப்பியதற்கு இரண்டு தீனி வேண்டும். தள்ளுவதற்கு வாயு, திரைக்கும் மூளைக்கும் மின்சாரம். இரண்டில் எது நின்றாலும் மூச்சு நிற்கும். சிலிண்டரில் ஓட்டலாமா என்றும் போட்டுப் பார்த்தேன். பெரிய சிலிண்டரில் ஆறாயிரம் லிட்டர். இது நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் கேட்கும். எட்டு மணி இருபது நிமிடத்தில் ஒரு சிலிண்டர் தீரும். ஒரு நாளைக்கு மூன்று. நாரினிலிருந்து பனிச்சாலையில் தினமும் மூன்று சிலிண்டர் யார் கொண்டுவருவது? கொண்டுவந்தாலும், நிலக்கரி அடுப்பு எரிகிற அறையில் ஆக்சிஜனைத் திறந்துவிடவா? அடுப்பை அணைத்துவிட்டு மைனஸ் இருபத்தெட்டில் அவரை உறைய வைக்கவா?

காற்றமுக்கி என்கிறாய். அது எதில் ஓடும்? மின்சாரத்தில். அதற்குப் பேட்டரி கிடையாது. மின்சாரம் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் நான் குறித்து வைக்கிறேன். நவம்பர் இருபதிலிருந்து நேற்று வரை இருபத்திரண்டு தடவை போயிருக்கிறது. நீளமானது இரண்டு மணி ஐந்து நிமிடம். கடன் வாங்கிய சின்ன இயந்திரத்தின் பேட்டரியையும் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். புத்தகம் ஐந்து மணி நேரம் என்கிறது. பழைய பேட்டரி, நிஜத்தில் இரண்டு மணி நாற்பது நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிட மிச்சத்தில்தான் உன் அத்தான் உயிரோடு இருக்கிறார்.

நீ என்ன செய்தாய் என்று எனக்கு இப்போது புரிகிறது. விருந்தில் இறைச்சி பரிமாறுவது போல இயந்திரம் பரிமாறியிருக்கிறாய். இடுப்பெலும்பு மதிப்பான விருந்தாளிக்கு, தொடை அடுத்தவருக்கு, விலா கடைசியில் உட்கார்ந்தவருக்கு. யாருக்குப் பல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று யாரும் கேட்பதில்லை. அவருக்குப் பல் இல்லை தம்பி. நீ எலும்பை வைத்துவிட்டு நன்றி கேட்கிறாய்.

சரி, ஆக வேண்டியதைச் சொல்கிறேன். டாக்டர் ரகியாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர்கள் வார்டுச் சுவரில் குழாய் இருக்கிறது, அதற்கு ஏற்ற இயந்திரம்தான் குறைவு. உன் பெரியது வார்டுக்குப் போகட்டும், அவர்கள் சின்னது என் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் நல்லது. அவரும் சம்மதித்து, ஜனவரி முப்பத்தொன்று வரை கெடு நீட்டினார். ஆனால் உன் கிடங்குப் பதிவேட்டில் பெரிய இயந்திரத்துக்கு நேரே "வீட்டு வகை" என்று இருக்கிறதாம். அதை ஆஸ்பத்திரி வாங்க முடியாதாம். நாலு சக்கரமும் சுவர்க் குழாயும் உள்ளதை வீட்டு வகை என்று எழுதியது யார்? அதற்குக் கீழே யார் கையெழுத்து?

ஒரே ஒரு தாள் வேண்டும். இது ஆஸ்பத்திரி வகை, வீட்டு வகை என்று பதிந்தது தவறு, மாற்றித் தருகிறோம் என்று எழுதி நீ கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கே மூத்தாரும் குறுக்கே நிற்கிறார். "எங்க வீட்டுக்கு வந்த சீர ஊரே பாத்திருக்கு. திருப்பிக் குடுத்தா நாளைக்கு எவன் மூஞ்சில முழிப்பேன்?" என்கிறார். பூவேலைத் துணி போர்த்தி, விருந்தாளி உட்காரும் இடத்தில் அதை நிறுத்தி வைத்திருக்கிறார். உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டு உதட்டை அசைத்தார். "ரெண்டாவது பொண்டாட்டி கட்டி வெச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல." நான் சிரித்தேன். பிறகு உள்ளே போய் அழுதேன்.

தாளை அனுப்பு.

சைராகுல்


பிஷ்கெக்
6 ஜனவரி 2022

அக்காவுக்கு,

அந்தத் தாளை என்னால் எழுத முடியாது.

நீங்கள் கேட்பது என்னவென்று தெரிந்துதான் கேட்கிறீர்களா? பதிவேட்டில் பொய் எழுதினேன் என்று நானே எழுதிக் கொடுப்பது அது. சரக்கு வந்தபோது வீட்டு நோயாளிகளுக்கு வீட்டு வகை மட்டும்தான் அனுப்பலாம் என்று உத்தரவு. பெரியதை உங்களுக்கு அனுப்ப வேறு வழி இல்லை. வகை என்ற கட்டத்தில் ஒரு சொல்லை மாற்றினேன். யாரும் பார்க்கவில்லை. இப்போது நானே கூப்பிட்டுக் காட்டினால் அன்றே வேலை போகும். எனக்கும் மூன்று பிள்ளைகள்.

யார் எழுதியது என்று கேட்டீர்கள், ஏன் என்று கேட்கவில்லை. சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் கல்யாணம். அப்பா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆட்டையெல்லாம் விற்று அவர் சாவுச் சடங்குக்குச் செலவழித்துவிட்டோம். நம் பக்கத்திலிருந்து நானும் சித்தப்பாவும் மட்டும் வந்தோம். கம்பளம் இல்லை, மெத்தை அடுக்கு இல்லை. உங்கள் துணி இருந்த ஒரு பையை நான் தூக்கி வந்தேன். உங்கள் மாமியார் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஆட்டினார். "பொண்ண ஒரு கைப்பையோட அனுப்பிட்டாங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பெண்வீட்டுப் பிரதிநிதியான எனக்குத் தட்டில் விலா வந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவர்கள் லாரி கிளீனருக்குத் தொடையெலும்பு.

கிடங்கில் அந்தச் சின்ன இயந்திரத்தைப் பார்த்தேன். மேலே கைப்பிடி, தோளில் மாட்ட வார். ஒரு கைப்பை. அதை அந்த வீட்டுக்கு நான் அனுப்புவேனா? என்னால் முடியவில்லை அக்கா. முடியவில்லை.

அதைப் பட்டியலில் அடுத்து இருந்த வீட்டுக்குக் கொடுத்தேன். கோச்கோரில் ஒரு பெண், பத்தொன்பது வயது. அம்மா மட்டும் இருக்கிறாள், ஆடு மேய்ப்பவள். திருப்பி வாங்கித் தர வேண்டுமென்றால் சொல்லுங்கள். அதற்கும் ஏதாவது ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கிறேன். தாள் மட்டும் கேட்காதீர்கள்.

ஜுமாடில்


அத்-பாஷி
13 ஜனவரி

ஜுமாடில்,

கோச்கோர் பெண்ணின் மூச்சில் கை வைத்தாய் என்றால் நீ எனக்குத் தம்பி இல்லை. அந்த அம்மாவிடமிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து என் புருஷன் தொண்டையில் மாட்டச் சொல்கிறாய். மறுமையில் அதற்குப் பதில் சொல்லப்போவது நீயா, நானா?

கைப்பை எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாயா? அந்த வீட்டில் அந்தப் பேச்சோடு குடித்தனம் நடத்தியவள் நான். நீ ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மறுநாள் பேருந்து ஏறிவிட்டாய். பதின்மூன்று வருடம் மாமியாருக்குத் தேநீர் ஊற்றினேன். கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவரைக் குளிப்பாட்டினேன். கபனிடும்போது வாயை மூடிக் கட்டியது இந்தக் கைதான். அவர் மண்ணுக்குள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அவருக்காக யாசீன் ஓதுகிறேன். நான் முடித்துக்கொண்ட சண்டையை நீ எனக்காக நடத்துகிறாய். அதுவும் எதை வைத்து? என் புருஷன் மூச்சை வைத்து. மாமியாருக்குப் பதில் சொல்ல அவர் மகனை எடுத்துக்கொண்டாய்.

உனக்கு மூன்று பிள்ளைகள், தெரியும். ஒவ்வொருவர் பேரையும் சொல்லித்தான் துஆ செய்கிறேன். அதனால் உன் வேலை எனக்குப் பெரிதில்லை என்று நினைக்காதே. ஆனால் ஒன்று. வேலை போனால் நீ வேறு வேலை தேடுவாய். இது போனால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

பதினெட்டு நாள் இருக்கிறது. தாள் இல்லாமல் கடிதம் அனுப்பாதே.

சைராகுல்


அத்-பாஷி
26 ஜனவரி

ஜுமாடில்,

நீ கடிதமே அனுப்பவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நேற்று நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

பிஷ்கெக்கிலும் மின்சாரம் போனதாமே. தாஷ்கண்டில், அல்மாத்தியில் எல்லாம் ஒரே நேரத்தில் போனது என்றார்கள். உங்கள் லிஃப்ட் நின்றிருக்கும், டிராலிபஸ் கம்பி செத்திருக்கும். இங்கே என்ன ஆனது என்று கேள்.

காலையிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டு வந்தது. பேட்டரி மறுபடி நிறையவில்லை. பன்னிரண்டு மணிக்கு மீண்டும் போனபோது இயந்திரத்தில் ஒரு மணி பத்து நிமிடம் மிச்சம் காட்டியது. லுஹரைச் சீக்கிரம் தொழுது முடித்தேன். பிறகு அலமாரியிலிருந்து கைப்பந்தை எடுத்து வைத்தேன். ரப்பர் பந்து, தொண்டைக் குழாயில் மாட்டி அழுத்தினால் ஒரு மூச்சு. அதற்கு வாயுவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு மனிதன் வேண்டும்.

ஒன்று பத்துக்கு இயந்திரம் நின்றது. நான் அழுத்தத் தொடங்கினேன். நாலு எண்ணுவதற்குள் ஒன்று. அரை மணியில் விரல் மரத்தது. முக்கால் மணியில் உள்ளங்கை தோல் பிய்ந்தது. மூத்தார் வரட்டி கொண்டுவந்து அடுப்பில் போட வந்தவர், கதவருகில் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை நாள் இந்த அறைக்கு வந்தாலும் அவர் இதைப் பார்த்ததில்லை. மின்சாரம் போனால் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் நினைத்திருக்கிறார்.

"குடும்மா" என்றார். சொல்லிக் கொடுத்தேன். குதிரைப் போட்டியில் ஓடும் குதிரை மேலிருந்து ஆட்டுடலைப் பிடுங்கிய கை அது, மொத்த மாவட்டத்துக்கும் தெரியும். முதல் பத்து மூச்சு மிக வேகமாக அழுத்தினார். உன் அத்தான் உதட்டை அசைத்தார். மூத்தார் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றான்?" படித்துச் சொன்னேன். "மெதுவாண்ணே. இது பந்தயம் இல்ல."

மூத்தார் வேகத்தைக் குறைத்தார்.

"நான் நிறுத்துனா?" என்றார்.

நிறுத்தினால் நின்றுவிடும் என்றேன்.

தலையைத் திருப்பிப் பூவேலைத் துணி போர்த்தியிருந்ததைப் பார்த்தார். "அப்ப அங்க நிக்கிறது?"

"அதுக்குக் குழாய் வேணும் மூத்தாரே. நம்ம வீட்ல இல்ல."

அவர் துணியிலிருந்து கண்ணை எடுத்தார். அழுத்திக்கொண்டே இருந்தார். மாற்றி மாற்றி மூன்று ஐம்பது வரை அழுத்தினோம். இரண்டு மணி நாற்பது நிமிடம். நிமிடத்துக்குப் பதினான்கு என்றால் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது மூச்சு. ஒவ்வொன்றும் கையால். மின்சாரம் வந்து இயந்திரம் சத்தம் போட்டதும் மூத்தார் வெளியே போய் கொட்டகைக்குப் பின்னால் நின்றார். நான் போகவில்லை. ஆணுக்கு அழ ஒரு இடம் வேண்டும்.

இன்று காலை அவரே ஐந்து பேரைக் கூட்டி வந்து உன் இயந்திரத்தைத் தன் லாரியில் ஏற்றினார். தெரு பார்த்தது. ஒருவன் ஏதோ கேட்டான். "என் தம்பி மூச்சு விடணும், அதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அது இப்போது நாரின் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறது. தாள் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். டாக்டர் ரகியா அதன்மேல் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார்.

அறுபத்தெட்டு வயதுக்காரர் மானத்தை விட்டுவிட்டு அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார், உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. உனக்கு நாற்பத்திரண்டு.

ஐந்து நாள்.

சைராகுல்


பிஷ்கெக்
29 ஜனவரி

அக்கா,

இத்துடன் தாள். மூன்று பிரதி. ஒன்று டாக்டர் ரகியாவுக்கு, ஒன்று மாகாணச் சுகாதார அலுவலகத்துக்கு, ஒன்று உங்களுக்கு. முத்திரை மூன்றிலும் இருக்கிறது. பெரியது "ஆஸ்பத்திரி வகை, அழுத்த வாயுவில் இயங்குவது" என்று மாற்றியாகிவிட்டது. ஆஸ்பத்திரியின் சின்னது "வீட்டு வகை, மின்சாரத்திலும் பேட்டரியிலும் இயங்குவது" என்று அத்தான் பேரில் பதிவாகிவிட்டது. வகை என்ற கட்டத்தில் பொய் எழுதியது நான்தான் என்றும் எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள். கைப்பையைப் பற்றி எப்படிச் சொல்வது? அறியாமை என்று சொன்னேன்.

அன்று மின்சாரம் போனபோது நான் ஐந்தாவது மாடியில், லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். இருபது நிமிடம்தான். உள்ளே காற்று போதாது என்று தோன்றியது, உண்மையில் போதுமாகத்தான் இருந்தது. உங்கள் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

சத்தாரிடம் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்திருக்கிறேன். லாரி பேட்டரியிலிருந்து அந்த இயந்திரத்துக்கு இழுக்கும் கம்பி. கையேட்டில் நூற்று நாற்பதாம் பக்கம் பார்த்து வாங்கினேன். சிவப்பு முனை சிவப்பில்.

பிப்ரவரி ஒன்றிலிருந்து நான் கிடங்கில் இல்லை.

உங்கள் ஜுமாடில்


அத்-பாஷி
11 பிப்ரவரி

ஜுமாடில்,

தாள் முப்பத்தொன்றாம் தேதி மதியம் கைக்கு வந்தது. சத்தார் பனியில் இரண்டு இடத்தில் வண்டியைத் தள்ளியிருக்கிறான். மூத்தார் அவனை இறங்கக்கூட விடாமல் அதே வண்டியில் நாரின் போய், அலுவலகம் மூடுவதற்குக் கால் மணிக்கு முன் கொடுத்துவிட்டு வந்தார். பெரியது வார்டுக்குள் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தேன். சுவரில் செருகியதும் பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு அமைதியாக ஓடத் தொடங்கியது. நெஞ்சில் அடிபட்ட ஒரு டிராக்டர் ஓட்டுநர் அதில் இருக்கிறார். நல்ல இயந்திரம்தான். அதன் இடத்தில் இருக்கிறது.

கம்பி வேலை செய்கிறது. லாரி பேட்டரியில் பதினொரு மணி நேரம் ஓடியது, அதற்கு மேல் சோதிக்க நான் விடவில்லை.

அறியாமை என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் பொய்தான். ஆனால் அதற்காக இன்னொரு சண்டை இப்போது வேண்டாம்.

வேலை போய்விட்டது என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் குறைந்ததால் அல்ல. கோபம் அப்படியே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. மூத்தாரிடம் சொன்னேன். ஆட்டு வியாபாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் அவருக்கு வேண்டுமாம். "கட்டத்துல சரியா எழுதுவானா?" என்று கேட்டார். இனி எழுதுவான் என்றேன்.

இன்னொன்று. வீட்டில் இயந்திரம் வைக்க வேண்டுமென்றால் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இருவர் வேண்டும் என்று டாக்டர் ரகியா படிவம் நீட்டினார். ஒருத்தி நான். மூத்தாரைச் சொன்னேன், அவரால் இப்போதே தோளைத் தூக்க முடியவில்லை. வயது பார்த்து அவர் பெயரை அடித்துவிட்டார்கள். நான் ஒருத்தியாகவே இவ்வளவு நாள் ஓட்டிவிட்டேன் என்று அந்தப் படிவத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. காய்ச்சல் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

இரண்டாவது வரியில் உன் பெயரை எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீயும் பதிவேட்டில் என்னைக் கேட்டு எழுதவில்லை.

பயிற்சி இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணி, நாரின் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி. சளி உறிஞ்சுவது, குழாய் மாற்றுவது, பந்து அழுத்துவது. மூன்று நாள். பிறகு இங்கே வந்துவிடு, மனைவியையும் பிள்ளைகளையும் வசந்தத்தில் கூட்டி வரலாம். உன் அத்தான் சம்மதமா என்று கேட்டேன். "வரட்டும். சைரா ரொம்ப திட்டுறா, பங்கு போட்டுக்க ஆள் வேணும்" என்றார்.

சத்தார் வண்டியில் முன் சீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். குழாய் அருகில் கை போகும், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.

சைராகுல்